உப்பில் ஊறிய நீலச் சட்டைகள்

குளிர்ச் சட்டை வந்து இறங்கிய அன்று, வளைகுடாவில் கட்டிட வேலைக்கு வந்தவர்கள் தங்கியிருந்த அந்தக் கேம்ப் கல்யாண வீடு மாதிரி இருந்தது. நல்ல நீலம், முழுக்கை, மார்பில் கட்டுமானக் கம்பெனியின் பெயர். போட்டுக்கொண்டு வெயிலில் நின்றால் வேர்க்க வேர்க்க உடம்பு சில்லென்று ஆகும் என்றார்கள். யாரும் நம்பவில்லை. பி பிளாக் மதலைமுத்துதான் முதல் ஆளாக ஒன்றைப் பிரித்து மாட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஓடினான். ஓடி வந்தவன் இரண்டு தோளையும் கட்டிக்கொண்டு, "டேய், கொடைக்கானல்டா! யாராச்சும் கம்பளி குடுங்கடா!" என்று கத்தினான். அதன் பிறகு பெட்டிகளைப் பிரிக்க அடிதடி.

அந்தக் கோடையில்தான் விதியும் மாறியிருந்தது. உச்சிப் பொழுதில் வெளியே வேலை வாங்கக் கூடாது என்று இருந்ததை, குளிர்ச் சட்டை போட்டவர்களுக்கு மட்டும் தளர்த்திவிட்டார்கள். மதிய ஓய்வு போனதை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் சட்டைதான் கண்ணில் பட்டது.

தவசிக்கு மட்டும் சாயம் கண்ணில் பட்டது. ஒரு சட்டையின் கையை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தான். நீலம் ஒட்டியது.

அவன் கேம்ப்பின் லாண்டரிக்காரன். சிவகங்கைப் பக்கத்து ஆள். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் என்று பெயர் வாங்கியிருந்தான். பயத்துக்குக் காரணமும் இருந்தது. போன வருடம் ஒரு சிவப்புக் கைலி மிஷினுக்குள் தவறிப் போய், இன்ஜினியர்களின் வெள்ளைச் சட்டையெல்லாம் ரோஸ் நிறமானதில், கூட வேலை பார்த்தவனை ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். ஆகவே தவசி அவன் வீட்டில் புதுத் துணிக்கு என்ன செய்வார்களோ அதையே செய்தான். மெஸ்ஸில் கெஞ்சி ஒரு மூட்டை கல்லுப்பு வாங்கி, தொட்டியில் கரைத்து, சட்டைகளை ஊறப்போட்டான். உப்பில் ஊறினால் சாயம் நிற்கும். தீபாவளித் துணியிலிருந்து பள்ளிக்கூட யூனிபாரம் வரைக்கும் அவன் வீட்டில் அப்படித்தான்.

கிடைத்த உப்பு அவனுடைய சி பிளாக்குக்கு மட்டும்தான் காணும். மற்ற பிளாக் சட்டைகளைப் பயந்துகொண்டே மிஷினில் போட்டான். சி பிளாக்கில்தான் தங்கை பவுனுவின் புருஷன் காளிராசும் இருந்தான். தவசிதான் விசா வாங்கிக் கூட்டிவந்தது. ஊரில் பவுனு முழுகாமல் இருக்கிறாள். ஒவ்வொரு முறை போன் பேசும்போதும், "அண்ணே, அவரப் பாத்துக்க" என்றுதான் ஆரம்பிப்பாள், அதையே சொல்லித்தான் வைப்பாள்.

சட்டைகளை உப்புத் தண்ணீருக்குள் அமுக்கியபோது குப்பென்று புதினா வாசம் கிளம்பியது. கை இரண்டும் பனிக்கட்டிக்குள் விட்டது போல் ஆகிவிட்டன. நல்ல சரக்குதான் என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த நாள் சாயங்காலம் காளிராசு லாண்டரிக்குள் வந்து சட்டையைக் கழற்றி மேஜைமேல் எறிந்தான்.

"என்ன மச்சான் சட்டை இது? ஊரே சிலுசிலுன்னு திரியுது. நான் மட்டும் தோசக்கல்லுல கெடந்துட்டு வந்துருக்கேன்."

"ஒண்ணு ரெண்டு அப்பிடி வந்துரும் மாப்ள."

"ஒண்ணு ரெண்டா? நம்ம பிளாக் முழுக்க! அந்த மதலைமுத்துப் பய, 'என்னடா, சி பிளாக்குக்கு மட்டும் தனிச் சூரியனா'ங்கிறான். மூணு தடவ உக்காந்து எந்திரிச்சேன், போர்மேன் என் பரம்பரையவே இழுத்துட்டான்."

தவசி காலியான உப்புச் சாக்கை எடுத்து மடித்து, மிஷினுக்குப் பின்னால் காலால் தள்ளினான்.

புகார் போய், சட்டைக் கம்பெனியிலிருந்து சோதனை பார்க்க ஆள் வந்தது. கேம்ப் பாஸ் சுலைமான் பாய்தான் லாண்டரிக்குக் கூட்டிவந்தார். "செண்பகவல்லி மேடம். நம்மூருக்காரங்கதான், கோவில்பட்டி. கேக்குறதுக்கு ஒழுங்கா பதில் சொல்லு" என்று விட்டுவிட்டுப் போனார். அவளுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, போனில் ஒரு பூதக்கண்ணாடியை மாட்டி, சட்டைத் துணியின்மேல் வைத்தாள்.

"இங்க பாருங்க அண்ணாச்சி."

திரையில் நூல்கள் கயிறு கயிறாகத் தெரிந்தன. கயிறெல்லாம் மீன் முட்டை அப்பினது மாதிரி உருண்டை உருண்டையாக ஏதோ.

"என்ன மேடம், புழு முட்டையா?"

அவள் சிரித்துவிட்டாள். "மைக்ரோ கேப்சூல். மாத்திரைக் கேப்சூல் தெரியும்லா? அதே கதைதான். கண்ணுக்குத் தெரியாத சைஸ். உள்ள ஒரு சரக்கு, மேல ஒரு தோடு. தோடு எப்ப உடையணும்னு நாம முடிவு பண்ணுதோம், அதுதான் வித்தை. நீங்க போடுத சோப்புத்தூள் இருக்குல்லா, துணி மடிக்கையில திடீர்னு பூ வாசம் வருதே, அது உரசி உடையுதது. பில் புக்குல கார்பன் தாளே இல்லாம அடித்தாள்ல எழுத்து விழுமே, அது பேனா அமுக்கி உடையுதது. உரத்துல வைக்காங்க, மழைக்கு மெதுவா கரைய. ரொட்டியில மீன் எண்ணெய வச்சு, வாடை தெரியாம வயித்துக்குள்ள போய் உடைய விடுதாங்க."

"சட்டையில?"

"வேர்வை உப்பு பட்டா உடையும். கொஞ்சம் கொஞ்சமா."

உப்பு என்ற சொல்லில் தவசியின் கண் மிஷினுக்குப் பின்னால் போய்வந்தது.

"இந்த சி பிளாக் சட்டையப் பாருங்க. மொத்தமும் ஒரே நேரத்துல வெடிச்சு வெறும் தோடாக் கெடக்கு. எதுலயாவது ஊறப்போட்டீங்களா?"

"இல்ல மேடம். மிஷின்தான். சட்டையில எழுதிப் போட்ருக்க மாதிரிதான்."

சட்டையில் எழுதியிருந்தது இங்கிலீஷ். அவன் அதைப் படித்ததே இல்லை.

மெஸ்ஸிலிருந்து டீ வந்தது. எவர்சில்வர் டம்ளர், கொதிக்கக் கொதிக்க. செண்பகவல்லி துப்பட்டாவைச் சுற்றிப் பிடித்தாள். தவசி வெறுங்கையால் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உங்களுக்குச் சுடலையா அண்ணாச்சி?"

"லாண்டரிக்காரன் கைதானே மேடம். மரத்துப் போச்சு."

அவள் போன பிறகு, அவனுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகமாக இருந்தது. சோப்புத்தூளை உள்ளங்கையில் கொட்டி வெளிச்சத்தில் பார்த்தான். மெஸ் ரொட்டியைப் பிய்த்து முகர்ந்தான். கடையில் பில் போட்டுக் கொடுத்த தாளைத் தொடவே தயங்கினான். உள்ளே ஒன்றை வைத்து மூடி, அது எப்போது வெளியே வரவேண்டும் என்று எங்கேயோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். அவனுக்குள்ளும் ஒன்று மூடிக் கிடந்தது. அது எப்போது உடையுமோ என்று பயந்துகொண்டே சட்டைகளைத் துவைத்தான்.

அந்த வாரக் கடைசியில் மதலைமுத்து விழுந்தான்.

பக்கத்தில் நின்றவர்கள் வந்து சொன்னார்கள். காலையிலிருந்து ஒரு முனகல் கிடையாது. தண்ணீர் குடிக்கக் கூப்பிட்டதற்குத் தாகமில்லை என்றிருக்கிறான். மத்தியானத்துக்கு மேல் பேச்சு கொஞ்சம் குழறியிருக்கிறது, அவன் எப்போதும் அடிக்கிற கூத்துதான் என்று விட்டுவிட்டார்கள். "குளுருதுடா, கம்பளி குடுங்கடா" என்றதற்கு எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். கம்பி கட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று சொல்லிவிட்டார்கள்.

சுலைமான் பாய் ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தார். "அவன் போட்ருந்த துணி. அலசி வை தவசி. சாமானோட வீட்டுக்கு அனுப்பணும்."

தவசி நீலச் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வேர்வை இன்னும் காயவில்லை. கைலியைத் தாண்டித் தொடையில் சில்லென்று ஏறியது. ஆள் போன பிறகும் சட்டை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குமேல் அவனால் உட்கார முடியவில்லை. மிஷினுக்குப் பின்னால் கிடந்த உப்புச் சாக்கை இழுத்து எடுத்துக்கொண்டு, சோதனை முடியும்வரை செண்பகவல்லிக்கு ஒதுக்கியிருந்த கேம்ப் அறைக்குப் போனான்.

"மேடம், சி பிளாக் சட்டையக் கெடுத்தது நான்தான். சாயம் போகுமேன்னு உப்புல ஊறப்போட்டேன். அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். என்ன வேணாலும் பண்ணுங்க. ஆனா இத மட்டும் பாருங்க." சட்டையை நீட்டினான்.

அவள் சாக்கைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "கல்லுப்பா? எங்க வீட்லயும் அப்படித்தான் அண்ணாச்சி. வெந்நீர், மழை, சோப்பு, எல்லாத்துலயும் போட்டுச் சோதிச்சோம். கல்லுப்புல ஊறப்போடுவாங்கன்னு லேப்ல ஒருத்தருக்கும் தோணல. எனக்கே தோணலையே."

சிரித்துக்கொண்டே சொன்னவள் மதலைமுத்துவின் சட்டைமேல் கண்ணாடியை வைத்தாள். சிரிப்பு நின்றது. வேறு இடத்தில் வைத்தாள். காலர், முதுகு, கை. பிறகு பெட்டியிலிருந்து ஒரு புதுச் சட்டையை எடுத்து அதிலும் பார்த்தாள்.

"என்ன மேடம்?"

"இதுல ரெண்டு சைஸ் இருக்கணும். பெருசு மெழுகு. அது உருகையில உடம்புச் சூட்ட நெசமாவே இழுத்துக்கிடும். சின்னது புதினாச் சத்து. போட்ட உடனே சில்லுன்னு இருக்கதுக்கு, சும்மா ஒரு இதுக்கு." அவள் குரல் இறங்கியது. "நான் சோதிச்ச சட்டையில ரெண்டும் இருந்துச்சு. இதுல பெருசு இல்ல. மெழுகு கனம், வெலையும் கூட. எடுத்துட்டாங்க."

"அப்ப சட்டை குளிராதா?"

"குளிராது. குளுருதுன்னு தோல்கிட்டப் பொய் சொல்லும். தோலும் நம்பி வேர்வையக் கொறச்சுக்கிடும். உள்ள கொதிச்சாலும் ஆளுக்குத் தெரியாது. தாகம் எடுக்காது."

"அப்ப எங்க பிளாக்..."

"உங்க பிளாக்ல யாராவது விழுந்தாங்களா?"

"இல்ல. என்னயத் திட்டுனாய்ங்க. போர்மேன்கூட சண்ட போட்டாய்ங்க. நெழலு கண்ட எடத்துல உக்காந்தாய்ங்க."

"சூடு தெரிஞ்சிருக்கு. அதான்."

அவள் அன்றே, உப்பில் தோடு உடைவதையும் மெழுகு இல்லாததையும் தன் கம்பெனிக்கும் கட்டுமானக் கம்பெனிக்கும் எழுதினாள். பதில் வர நாளாகும் என்றாள். தவசி நகராமல் நின்றான். கையில் காலிச் சாக்கு இருந்தது. அவள் அதையே பார்த்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி" என்றாள். பெட்டியை மூடிக்கொண்டே, "உப்பு கெடைக்குமா?" என்று கேட்டாள்.

மெஸ் சமையல்காரருக்கு மதலைமுத்து ஊர்க்காரன். ஏன் எதற்கு என்று கேட்காமல் மூட்டைகளை இறக்கிவைத்தார். தவசி கேம்ப் முழுவதன் சட்டைகளையும் ஊறப்போட்டான். மிஷினை நம்பவில்லை. ஒவ்வொரு சட்டையையும் கையாலேயே அமுக்கி, பிழிந்து, மறுபடி அமுக்கினான். புதினா வாசம் கண்ணைக் கரித்தது. முழங்கைக்குக் கீழே தனக்குக் கையே இல்லாதது போல் இருந்தது.

சட்டைகள் செத்துப்போனதும் ஆட்கள் லாண்டரி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்றது சைட்டில் காளிராசுவோடு வேலை பார்க்கும் பி பிளாக் ஆள், திட்டக்குடி பரமதயாளன்.

"யோவ் தவசி, உனக்கென்ன, ஏசிக்குள்ள நிக்கிற. இருந்த ஒரு சொகத்தையும் உப்புப் போட்டு அழிச்சிட்டியே."

"பரமு, அது சொகமில்லப்பா. மதலைமுத்து..."

"தெரியும்யா! எல்லாம் கேள்விப்பட்டோம். சூடு தெரிஞ்சா மட்டும் வெயில்ல நிக்காம இருக்கப்போறமா? மத்தியான ஓய்வத் திருப்பிக் குடுத்துட்டானா? நிக்கிறது நிக்கிறதுதான். தெரியாமயாச்சும் நின்னுட்டுப் போறேன். அதுகூட உனக்குப் பொறுக்கல."

காளிராசுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "விடு பரமு. என் மச்சானுக்கு வேற வேல இல்ல. நாளைக்கு சைட்டையே ஊறுகா போட்டாலும் போடுவாரு." கூட்டம் சிரித்துக் கலைந்தது. போகும்போது காளிராசு திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

ஆனால் பரமதயாளன் சொன்னது போல் நடக்கவில்லை. உச்சி வெயிலில் முதலில் ஒருவன் உட்கார்ந்தான், பிறகு பக்கத்தில் இருந்தவன், பிறகு ஒரு வரிசை. ஒருத்தனை எழுப்பலாம், எல்லோரையும் எழுப்ப முடியாமல் போர்மேன்கள் தொண்டை கட்டிப்போய்த் திரிந்தார்கள். பவுனு போன் செய்தபோது, "இங்க எல்லாம் நல்லாருக்கு ஆத்தா" என்று தவசி பயமில்லாமல் சொன்னான். அப்படிச் சொல்லி எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு காலையில் பஸ் ஏறுவதற்கு முன்னால் காளிராசு லாண்டரிக்கு வந்தான்.

"மச்சான், ஒடம்பு என்னமோ மாதிரி இருக்கு. தொட்டுப் பாரு."

தவசி ஈரக் கையைக் கைலியில் துடைத்துவிட்டு நெற்றியில் வைத்தான். கழுத்தில் வைத்தான். சில்லென்று இருந்தது.

"ஒண்ணுமில்ல மாப்ள. பச்சத் தண்ணி மாதிரி இருக்கு."

"கையி காலெல்லாம் வலிக்குது."

"பவுனு நெனப்பு வந்துருக்கும். லீவு போட்டா போர்மேன் உன் பேரத்தான் முதல்ல எழுதுவான், வெயில்ல உக்கார ஆரம்பிச்சு வச்சதே நீதான்னு. போய்ட்டு வா."

காளிராசு சிரிக்காமல் போனான். அது தவசிக்கு அப்போது உறைக்கவில்லை.

வெயில் ஏறிய பிறகு செண்பகவல்லி வந்தாள். முகம் செத்திருந்தது. தவசி இன்ஜினியர்களின் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"பதில் வந்துருச்சு அண்ணாச்சி. மெழுகப் பத்தி ஒரு வார்த்த இல்ல. உப்புத் தண்ணி பட்டாலும் மொத்தமா உடையாத தோடு கண்டுபிடிச்சுட்டாங்களாம். அடுத்து வர்ற லாட் சட்டையெல்லாம் அந்தத் தோடுதான். கொறையக் கண்டுபிடிச்சுக் குடுத்ததுக்கு எனக்கு நன்றி சொல்லி எழுதிருக்காங்க."

"அப்ப உப்புல போட்டாலும்..."

"ஒண்ணும் ஆகாது."

தவசி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தான். யோசனையில், சூடு போதுமா என்று பார்க்கிற பழக்கத்தில், கையைத் தகட்டில் வைத்தான். வைத்தபடியே நின்றான். ஏதோ கருகுகிற வாடை வந்தது. சட்டை தீய்கிறதோ என்று குனிந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, கை!"

செண்பகவல்லி பாய்ந்து அவன் கையை இழுத்தாள். உள்ளங்கைத் தோல் வெளுத்துச் சுருண்டிருந்தது. அவனுக்கு வலிக்கவில்லை. லேசாகக் குளிர்ந்தது.

"எத்தன நாளா இப்படி?" அவள் கையை விடாமல் கேட்டாள். "என் புத்தியச் செருப்பால அடிக்கணும். டீ டம்ளர அப்படிப் பிடிச்சீங்களே, அன்னைக்கே எனக்கு உறைச்சிருக்கணும். இத்தன ஆள் சட்டையில இருந்ததும் அந்தத் தண்ணியிலதான கரைஞ்சுச்சு. நீங்க அதுக்குள்ளயேதான கையப் போட்டுக்கிட்டு இருந்தீங்க."

தவசி கையைப் பார்த்தான். பிறகு வாசலைப் பார்த்தான், காலையில் காளிராசு நின்ற இடத்தை.

"மேடம்... காலையில எங்க மாப்ள நெத்தியத் தொட்டுப் பாத்தேன். சில்லுன்னு இருந்துச்சு. ஒண்ணுமில்லன்னு நான்தான் அனுப்புனேன்."

காளிராசு போனை எடுக்கவில்லை. செண்பகவல்லியின் காரில் போனார்கள். வழி நெடுக வெயில் தார்ரோட்டில் தண்ணீர் மாதிரி அலையடித்தது. தவசி கருகிய கையை மடியில் வைத்துக்கொண்டு, மறு கையால் போனை அழுத்திக்கொண்டே வந்தான். நடுவில் பவுனு கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை. எடுத்தால் அவள் முதல் வார்த்தை என்னவென்று அவனுக்குத் தெரியும்.

சைட்டில், சாரத்துக்குக் கீழே விழுந்த கொஞ்சம் நிழலில், சிமெண்டு மூட்டைகளில் சாய்ந்து காளிராசு உட்கார்ந்திருந்தான். பரமதயாளன் அவன் தலையில் பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தான். போர்மேன் தள்ளி நின்று கத்திக்கொண்டிருந்தான், யாரும் கேட்கவில்லை.

"சுத்தமா முடியலன்னு அவனா வந்து உக்காந்துட்டான்" என்றான் பரமதயாளன். தவசியின் முகத்தைப் பார்க்காமல், "உன் உப்புச் சட்டதான் போட்டிருக்கான். சூடு தாங்கலன்னு கத்துனான். அதான் தெரிஞ்சிச்சு" என்றான்.

காளிராசு கண்ணைத் திறந்தான். உதடு வெடித்திருந்தது.

"முடியல மச்சான். காலையிலயே முடியல. நீ ஒண்ணுமில்லன்ன. அதான் வந்தேன்."

தவசி மண்டியிட்டான். பழக்கத்தில் கை நெற்றிக்குப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, கன்னத்தை அவன் நெற்றியில் வைத்தான்.

"மச்சான், தாடி குத்துது" என்று முனகினான் காளிராசு. "எல்லாரும் பாக்குறாய்ங்க."

"பாக்கட்டும்."

"சுடுதா?"

"சுடுது மாப்ள" என்றான் தவசி. குரல் உடைந்தது. "நல்லாச் சுடுது."

செண்பகவல்லி ஆம்புலன்சுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு நடுவில் நின்றது. கேட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. தார்ப்பாய்க்குக் கீழே சட்டைக் கம்பெனியின் பெயர் போட்ட அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"அண்ணாச்சி" என்றாள். "வந்துருச்சு."

தவசி திரும்பவில்லை. கன்னத்தை எடுத்தால் சூடு தெரியாமல் போய்விடும் என்பது போல், இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டான்.